எழுத்தறிவும் தலையெழுத்தும்

(வேங்கிக்காலில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கோயிலைப் பற்றியதோ சாஸ்திரத்தைப் பற்றியதோ அல்ல. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்தை எந்த வேகத்தில் சொல்லிக் கொடுப்பது என்பதைப் பற்றியதாகும். இது உபாத்தியாயர்கள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி, பொதுக்கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பிள்ளை நம் பிள்ளை. அது படிக்கத் தெரியாமல் போனால் நஷ்டப்படுவது உபாத்தியாயர் அல்ல, நாம்தான். ஆகையால் நாம் பேசித்தான் ஆகவேண்டும்.

இந்த வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் குறை தீர்க்கும் நாளென்று ஜனங்கள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் தன் மனுவைத் தானே எழுதியவர் எத்தனை பேர்? பிறர் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக்கூடியவர் எத்தனை பேர்? தன் நிலத்தைப் பற்றி, தன் கூலியைப் பற்றி, தன் பெயரால் எழுதப்பட்ட காகிதத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே பெருவிரலை மையில் தோய்ப்பவனுக்குச் சுயமரியாதை எங்கிருந்து வரும்? அந்தப் பெருவிரலின் கதை ஒன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது என்பதே நாம் சொல்ல வந்தது.

ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்தும் படிக்கவில்லை என்றால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அவன் மண்டு" என்கிறார்கள். "சரஸ்வதி கடாட்சம் இல்லை" என்கிறார்கள். "தலையெழுத்து" என்கிறார்கள். தோழர்களே! தாளில் இருக்கும் எழுத்தை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காததை மறைப்பதற்குத் தலையில் இருக்கும் எழுத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவதைவிடப் பெரிய மோசடி வேறு உண்டா? விஜயதசமி அன்று நெல்லைப் பரப்பி விரலைப் பிடித்து எழுதவைத்த பிள்ளைகளில் படித்தவனும் உண்டு, படிக்காதவனும் உண்டு. எழுதவைக்காத பிள்ளைகளிலும் அப்படியே. ஆகவே காரணம் நெல்லிலும் இல்லை, நாளிலும் இல்லை. பின் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தமிழ் எழுத்து 247 என்று சொல்லுகிறோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரைக்கும் வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் படிப்பு இருக்கவேண்டும் என்கிறது. அதாவது நாளைக்கு நான்கு மணி. அதிலே தமிழ் ஒரு பங்கு. இங்கிலீஷ், கணக்கு முதலியவை மற்றப் பங்குகள். 247 எழுத்தையும் வரிசையாக ஒவ்வொன்றாக நடத்துவதென்றால் நாளைக்கு ஒன்றுக்கு மேல் ஓடவேண்டும். ஓடினால் திரும்பிப் பார்க்க ஒரு நாள்கூட மிஞ்சாது. மழை, காய்ச்சல், தீபத் திருவிழா, ஊர்த் திருவிழா ஆகிய எல்லாம் சேர்ந்தால் பிள்ளை தவறவிடும் நாட்கள் எத்தனை? அந்த நாட்களில் போன எழுத்து போனதுதான்.

இவ்வளவு ஓடியும் பலன் என்ன? வரிசை முறையில் க-வுக்கு அடுத்தது ங. "ங, ஙா, ஙி, ஙீ" என்று பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறது. நாம் கேட்கிறோம், ஙி என்ற எழுத்து வருகிற ஒரு வார்த்தையை இந்தச் சபையில் யாராவது சொல்ல முடியுமா? ங் வேண்டும், ங எப்போதாவது வேண்டும். மற்றவை எந்தக் கடிதத்திலும் இல்லை, எந்தக் கடைப்பலகையிலும் இல்லை. ஔகார வரிசையிலும் பெரும்பாலானவை இப்படித்தான். இல்லாத எழுத்துக்குக் கொடுக்கும் நாளை, தினமும் கண்ணில் படும் எழுத்தினிடமிருந்து பறித்துத்தானே கொடுக்கவேண்டும்? பழையது என்பதற்காகவே ஒன்றைச் செய்வது கோயிலில் மாத்திரம் நடப்பதாக நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையிலும் நடக்கிறது.

இனி, வேறு விதமாகக் கணக்குப் போடலாம். உயிரெழுத்து 12. அகரம் ஏறிய மெய் 18. புள்ளி ஒன்று. ஆய்தம் ஒன்று. கால், கொம்பு, சுழி முதலிய குறிகளால் ஆகும் ஒன்பது வரிசைகளுக்கு ஒன்பது குறிகள். ஆக 41. ஒரு குறியைத் தெரிந்துகொண்டால் அது எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் பிள்ளையே படித்துவிடும். "கா" தெரிந்த பிள்ளைக்கு "பா"வைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. மீதி இருப்பது உகர, ஊகார வரிசைகள். இவற்றில்தான் உருவம் மாறுகிறது, மொத்தம் 36. இவற்றையும் வகை பிரித்துக் கொடுக்கலாம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வகை; சு, பு, யு, வு ஒரு வகை; ணு, து, நு, லு, று, னு ஒரு வகை. மனிதரை வகை பிரித்தால்தான் கேடு. எழுத்தை வகை பிரித்தால் நன்மை உண்டு. ஆக 41-ம் 36-ம் சேர்த்து 77. வாரத்துக்கு மூன்று வீதம் 26 வாரம். வருஷத்தில் 200 நாள் என்பது 40 வாரம். மீதி 14 வாரம் திரும்பப் படிக்கவும் தவறவிட்ட பிள்ளையைத் தூக்கிவிடவும் கையில் இருக்கிறது. 247 என்று பயமுறுத்திய பூதம் எங்கே போயிற்று பார்த்தீர்களா?

இந்தச் சுமை இன்னும் அதிகமாக இருந்த காலமும் உண்டு. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்களுக்குத் தனித்தனியே விசித்திரமான உருவங்கள் இருந்தன. பெரியார் 1935-இல் 'குடி அரசு' ஏட்டில் அவற்றை மாற்றி அச்சிட்டார். மற்ற எழுத்துக்குப் பொருந்தும் குறி இவற்றுக்கு மட்டும் ஏன் பொருந்தக்கூடாது என்பதுதான் கேள்வி. தமிழ்த்தாய்க்கு அங்கம் குறையும் என்று கூச்சலிட்டவர்கள் உண்டு. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசாங்கமே அதை ஏற்று உத்தரவு போட்டது. தமிழ்த்தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் 13 பாரம் குறைந்தது.

நிற்க. வாரத்துக்கு மூன்று என்றோம். அதை எப்படி நடத்துவது? முதல் மூன்று நாளில் நாளைக்கு ஒன்று. நான்காம் நாள் புதிது ஒன்றும் வேண்டாம். தெரிந்த எழுத்துக்களால் வார்த்தை கூட்டவேண்டும். ஐந்தாம் நாள் போன வாரத்து எழுத்தையும் போன மாதத்து எழுத்தையும் கலந்து கேட்கவேண்டும். ஏனென்றால் படித்தது மறப்பது குற்றமல்ல, மனித சுபாவம். ஜெர்மனி தேசத்து எபிங்காஸ் என்பவர் தம்மையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் புத்தகம் போட்டார். முதல் சில மணி நேரத்திலும் முதல் சில நாளிலும்தான் மறதி மிகுதி; இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்பது அவர் கண்டது. வயலுக்கு ஒரே நாளில் ஏரியை உடைத்துவிட்டுவிட்டு, பிறகு அறுப்புக்கு வருவேன் என்கிற குடியானவன் உண்டா? முறை வைத்துத்தானே பாய்ச்சுகிறோம்?

எழுத்தின் வரிசையையும் யோசிக்கவேண்டும். அ-வில் ஆரம்பித்தே தீரவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. அ எழுதுவதற்கு வளைவும் சுழியும் அதிகம். ட, ப, ம ஆகியவற்றை எழுதுவது பிஞ்சு விரலுக்குச் சுலபம். இந்த மூன்றையும் புள்ளியையும் கொடுத்தால் படம், பட்டம், மட்டம், மடம் என்று முதல் வாரத்திலேயே பிள்ளை வார்த்தை படிக்கும். அடுத்து க, ல, வ கொடுத்தால் கல், பல், பகல், கடல், கப்பல், வடம், வலம் எல்லாம் வந்துவிடும். திருவண்ணாமலைப் பிள்ளைக்கு மடமும் வடமும் வலமும் பழகிய வார்த்தைகள்தான். இவற்றைச் சொல்லிக் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. படிக்கத் தெரிந்த பிறகு மடத்துக்குப் போவதா, வடம் பிடிப்பதா என்பதை அவனே யோசித்துக் கொள்ளட்டும்!

"எங்கள் பிள்ளை புத்தகத்தை மடமடவென்று படிக்கிறானே" என்று சில தாய்மார்கள் சந்தோஷப்படுவதுண்டு. அம்மா, ஒரு காரியம் செய்யுங்கள். படத்தைக் கையால் மூடிக்கொண்டு வார்த்தையை மட்டும் காட்டுங்கள். அல்லது கடைசி வரியிலிருந்து மேலே கேளுங்கள். மனப்பாடமா, படிப்பா என்பது அப்போது தெரிந்துபோகும். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை எழுத்துத் தெரியாமல் பாடம் சொன்னால் பூரிக்கலாமா?

இன்னொரு சங்கதி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேகம் கிடையாது. இங்கிலீஷில் உருவம் 26. ஆனால் உச்சரிப்புத் தொல்லை அதிகம். நம் பக்கத்து மொழிகளில் உச்சரிப்பு ஒழுங்கு. ஆனால் உருவம் அதிகம். கன்னடப் பிள்ளைகள் எழுத்தைக் கற்கும் வேகத்தை ஆராய்ந்து சோனாலி நாக் என்ற அம்மையார் 2007-இல் எழுதினார். எழுத்து முழுவதும் கைவர முதல் இரண்டு வருஷம் போதாமல் அதற்கப்பாலும் நீளுகிறது என்பது அவர் கண்டது. ஆகவே நாம் சொன்ன 26 வாரக் கணக்கை ஒரு விதியென்று பிடித்துக்கொண்டு பிள்ளையை அடிக்கக்கூடாது. ஒரு வருஷத்தில் முடியாவிட்டால் இரண்டு வருஷத்துக்குப் பங்கிட்டுக் கொள்ளலாம். போன வார எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு இந்த வார எழுத்தைத் திணிப்பதுதான் கூடாத காரியம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு மேல் இடமே இல்லை என்பதும், அடியும் மனப்பாடமும் மிகுதி என்பதும் உண்மை. ஆனாலும் இருந்த நல்லதைச் சொல்லாமல் விடுவது பகுத்தறிவு ஆகாது. மணலில் எழுதிப் பழகிய பிள்ளை தன் வேகத்தில் போயிற்று. முன்னே போன பிள்ளை பின்னே வந்ததற்குச் சொல்லிக் கொடுத்தது. ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரர் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியில் இதைக் கையாண்டு, 1797-இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். சீமையில் அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'. நம் மணலை அவன் மதித்தான், நாம் மறந்தோம்.

பிறகு 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று அட்டைகளும் ஏணிப்படமும் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் தான் ஏறும்படி செய்தார்கள். 2007-இல் அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சிறு பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பைக் கண்ணால் பாராமலே மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உண்டானார்கள். அதன் பேரில் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஆரம்பித்தார்கள். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தக்கபடி பிரித்து நடத்துவது முறை. வயதைப் பார்க்காமல் படிக்கும் நிலையைப் பார்த்துக் குழு சேர்ப்பது சரியான வழிதான். வடநாட்டுப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்த பானர்ஜி, டஃப்லோ ஆகியோர் 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் சேர்ந்தவர்கள்.

ஆனால் திட்டத்தின் பெயர் பிள்ளையைப் படிக்க வைக்காது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் படிக்கவேண்டும், அதுவும் 2025-க்குள் என்று இலக்கு வைத்தார்கள். அந்த வருஷம் கடந்துவிட்டது. இலக்கு எட்டிற்றா என்பதற்கு யாருடைய அறிக்கைக்கும் காத்திருக்கவேண்டாம். இன்று இரவு உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் நான்கு வரி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதுவே அறிக்கை.

இந்த ஜில்லாவில் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் அநேகர். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளைக்கு வகுப்பு எங்கோ போயிருக்கும். வேகம் மாறாத வகுப்பு என்றால் அது வசதி உள்ளவன் பிள்ளைக்கு ஏற்பட்ட வகுப்பு என்றே அர்த்தம். பணக்காரன் பிள்ளைக்கு விட்டுப்போனதை டியூஷன் சொல்லிக் கொடுக்கும். சூளைக்காரன் பிள்ளைக்கு யார் சொல்லுவார்? 1953-இல் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார் என்றார்கள், நாடு கொதித்தது, 1954-இல் அது ஒழிந்தது. இன்று நேரம் முழுதாக இருக்கிறது. ஆனால் புரியாத பாடத்தின் முன்னே நான்கு மணி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த நேரம் யாருடைய நேரம்? ஐந்து வருஷம் இப்படி உட்கார்ந்தால் முடிவில் அவன் போவது அதே அப்பன் தொழிலுக்குத்தான். சட்டம் போட்டுச் செய்ய முடியாததைச் சட்டமில்லாமலே செய்து முடித்ததாகாதா?

உபாத்தியாயர்களைத் திட்டுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. இரண்டு மூன்று வகுப்பை ஒருவரே கட்டி மேய்க்கும் பள்ளிகள் உண்டு. பதிவேடும் புள்ளிவிவரமும் அவர்கள் நேரத்தைத் தின்கின்றன. "பாடம் முடிந்ததா?" என்றே மேலதிகாரி கேட்டால் அவர் பாடத்தைத்தான் முடிப்பார். "பிள்ளை படிக்கிறதா?" என்று கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி குடித்து வருவதற்கு அல்ல அந்தக் குழு. அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாதம் எத்தனை புது எழுத்து நடந்தது? திரும்பப் படிக்க எத்தனை நாள் ஒதுக்கினீர்கள்? பின்தங்கிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு எந்த நேரத்தில் யார் சொல்லிக் கொடுக்கிறார்? பதில் வந்தால் உதவி செய்யுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் இதையே கேளுங்கள்.

இந்த ஊரில் படித்த வாலிபர்கள் இருக்கிறீர்கள். சாயங்காலம் ஒரு மணி, வாரத்தில் மூன்று நாள், பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு தெரிந்த எழுத்திலிருந்து தெரியாத எழுத்துக்கு மெல்ல நடத்திக்கொண்டு போனால் போதும். மண்டு என்று பெயர் வாங்கின பிள்ளை ஒன்று "கப்பல்" என்று தானே கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கட்டும். தலையெழுத்து என்பது பொய் என்று நாம் நூறு கூட்டம் போட்டுச் சொல்லுவதை அந்தப் பிள்ளை ஒரு வார்த்தையில் சொல்லிவிடும்.

நாம் சொன்னதை அப்படியே நம்பவேண்டாம். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளையிடம் சோதித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள்.