விலகும்போது எத்தனை நாள் முன்னதாகச் சொல்வது?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில் 1992 உயர்தர அணியினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



தொழில் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். வேலை எடுப்பது பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள், நாங்கள் வேலையை விடுவது பற்றிப் பேசுகிறோம் என்றோம். அவர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். ஆனால் எங்கள் அணியில் ஆளுக்கு மூன்று நான்கு வேலையாவது விட்டிருக்கிறோம். சிலவற்றை விட்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஒருவர் வேலையை விட்டுப் போவது என்றால் என்னவென்று நாங்கள் முதலில் அறிந்தது இந்த வகுப்பறைகளில்தான். பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை எங்கள் இரசாயனவியல் ரீச்சர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவர் கிளாலியால் கடல் கடந்து கொழும்புக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடப் பாஸ் எடுக்க வேண்டிய, யாரிடம் சொன்னால் எது தடைப்படும் என்று தெரியாத காலம் அது என்பதைப் பதினெட்டு வயதில் நாங்கள் யோசிக்கவில்லை. அடுத்த கிழமை ஆய்வுகூட அலுமாரியைத் திறந்தபோது ஒரு கொப்பி இருந்தது. எந்தப் பாடத்தில் நிறுத்தினார், மிச்சம் எவை, எந்தப் பழைய வினாத்தாளில் எந்தக் கேள்விகளைச் செய்ய வேண்டும், யாருக்கு எந்தப் பகுதி விளங்கவில்லை என்று பெயர் பெயராக எழுதியிருந்தார். அந்தக் கொப்பியை வைத்துத்தான் நாங்கள் பரீட்சை எழுதினோம்.

அவரால் ஒரு நாள் முன்னறிவித்தல்கூடக் கொடுக்க முடியவில்லை. ஆனால் வேலையைக் கையளித்துவிட்டுப் போனார். எங்களில் ஒரு மாத அறிவித்தல் கொடுத்தும், அந்த மாதம் முழுவதும் தேநீர் குடித்து விடைபெற்றுத் திரிந்துவிட்டு, ஒன்றையும் கையளிக்காமல் வந்தவர்களும் உண்டு. எத்தனை நாள் என்ற கேள்விக்கு நாங்கள் சொல்லக்கூடிய பதில் இதுதான்: கடிதத்தில் உள்ள நாள் குறைந்தபட்சம், உங்கள் கதிரையில் வந்து இருக்கப்போகிறவர் வேலையைப் பிடித்துக்கொள்ள எவ்வளவு வேண்டுமோ அதுதான் உண்மையான கணக்கு.

இலங்கையில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் நியமனக் கடிதம். மாதச் சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு மாதம் என்றிருக்கும். தகுதிகாண் காலத்தில் அதிலும் குறையலாம். முகாமையாளர் பதவிகளுக்கு இரண்டு மூன்று மாதமும் கேட்பார்கள். வேலையில் சேரும் சந்தோஷத்தில் அந்தப் பந்தியை எவரும் வாசிப்பதில்லை. நாங்களும் வாசிக்கவில்லை.

அதனால் வந்த நட்டத்தைச் சொல்கிறோம். எங்களில் ஒருவர் ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு வருடமும் பதினொரு மாதமும் வேலை செய்த நிலையில் விலகினார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, தானாக விலகினாலும், ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தின் பாதி கிடைக்க வேண்டும். அதை விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் இரண்டரை மாதச் சம்பளம் அவர் கையில். புதிய இடத்தில் அவசரப்படுத்தினார்கள் என்று சட்டென்று விலகிவிட்டார். அவர்களோ பிறகு கேட்டபோது, ஒரு மாதம் பொறுத்திருப்போமே என்றார்களாம்! ஊழியர் சேமலாப நிதி அப்படியல்ல. விலகினாலும் அது உங்கள் பெயரில்தான் இருக்கும். அங்கத்துவ இலக்கத்தை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

இன்னொருவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் திங்கட்கிழமை வேறு கந்தோருக்குப் போனார். ஒரு மாதச் சம்பளம் வெட்டுப்பட்டது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. எட்டு வருடம் கழித்துக் கனடாவுக்கு விண்ணப்பித்தபோது, பழைய இடத்திலிருந்து அனுபவக் கடிதம் தேவைப்பட்டது. தொலைபேசியை எடுத்தவர், அன்றைக்கு அவருடைய மாத முடிவுக் கணக்கை இரவிரவாக இருந்து முடித்தவர். கடிதம் கிடைத்தது, ஆனால் அந்த உரையாடலை எங்கள் தோழி இன்றும் மறக்கவில்லை.

நல்ல மனதோடு செய்த பிழையும் ஒன்று உண்டு. மேலதிகாரிக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒருவர் மூன்று மாதம் முன்னரே வாயால் சொல்லிவிட்டார். அவருடைய இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். போகவிருந்த வேலையோ கைகூடவில்லை. ஆகவே புதிய நியமனக் கடிதம் கையொப்பத்துடன் கைக்கு வரும்வரை அடுத்த மேசைக்காரிக்கும் சொல்லாதீர்கள். விசாவுக்கும் அப்படியே. வந்தபின் முதலில் மேலதிகாரிக்கு நேரில், அன்றைக்கே எழுத்தில், திகதியோடு. பிரதியில் பெற்றுக்கொண்டதாக ஒரு கையொப்பம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஊர் வழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். பிரித்தானியாவில் ஒரு மாதம் வேலை செய்தவர் சட்டப்படி ஒரு வாரம் கொடுத்தால் போதும், ஒப்பந்தம் கூடக் கேட்காவிட்டால். ஆனால் இங்கிலாந்தில் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்கள் தோழிகள், ஓகஸ்ட் முடிவில் விலகுவதற்கு மே 31க்குள் கடிதம் கொடுக்கிறார்கள். சுவிஸில் ஒப்பந்தம் வேறாகச் சொல்லாவிட்டால், முதல் வருடத்தில் ஒரு மாதம், இரண்டாம் வருடம் தொடங்கி ஒன்பதாம் வருடம்வரை இரண்டு மாதம், பின்னர் மூன்று மாதம். அதுவும் மாத முடிவில்தான் முடியும். இரண்டாந் திகதி கடிதம் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் இரண்டாந் திகதி போகலாம் என்று நினைத்து அகப்பட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். சிரிப்பைப் பார்த்தால் தெரிகிறது.

இந்த உரையைத் தயாரிக்கும்போது எங்கள் இரசாயனவியல் ரீச்சருடன் தொலைபேசியில் கதைத்தோம். கடல் கடந்து தூரத்தில் இருக்கிறார், வர முடியவில்லை. எங்கள் அணியின் ஆண்டைச் சொன்னதும் அவர் எங்கள் சுகத்தைக் கேட்கவில்லை. "அலுமாரிக்குள்ள ஒரு கொப்பி வைச்சனான், கண்டனீங்களே பிள்ளையள்?" என்றுதான் கேட்டார்.

கடிதம் எழுத உதவி தேவையான தங்கைமார் தேநீர் இடைவேளையில் வாசலுக்குப் பக்கத்து மேசைக்கு வாருங்கள். நியமனக் கடிதத்தின் பிரதியையும் கொண்டுவாருங்கள்.