கழுத்து ஆபரேஷனுக்குப் பின் கவனிப்பு நம் கையில்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நெல் கட்டு, விறகு, தண்ணீர்க் குடம் எல்லாம் நம்ம தலையிலதான். கழுத்து வலின்னா தைலம் தேய்ச்சிட்டு நடவுக்குப் போயிடறோம்.

கழுத்தில் 7 எலும்புகள். அவற்றின் உள்ளே தண்டுவடம் ஓடுகிறது. மூளையின் கட்டளை கை கால்களுக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும். எலும்போ ஜவ்வோ அதை அழுத்தினால் விரல் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். ஏழைகளுக்கும் இந்த வைத்தியம் கிடைக்க அது வழி செய்தது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு பார்ப்பது யார்? நாம்தான்.

முன்கழுத்தில் தையல் போட்டவருக்குச் சில நாள் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் இருக்கலாம். பெரும்பாலும் மெல்லக் குறையும். ஆனால் கீழே சொல்பவை வந்தால் காத்திருக்கக் கூடாது:

1. கழுத்து வீங்கி மூச்சுத் திணறல்.
2. காய்ச்சல், தையலில் சீழ்.
3. தையலில் தண்ணீர் போல் கசிவு, உட்கார்ந்தால் கடும் தலைவலி.
4. கை கால் புதிதாகப் பலம் குறைதல், சிறுநீர் அடைத்தல் அல்லது தானாகப் போதல்.

இன்னொன்று, தலை தெளிவு. ஆபரேஷன் கழுத்தில்தானே, மூளைக்கு என்ன என்று நினைக்கிறோம். வயதானவர்கள் ஆபரேஷனுக்குப் பின் திடீரென்று குழம்பிப் பேசலாம். பகலில் தெளிவாக இருந்து மாலையில் பிதற்றலாம். கிருமித் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மாத்திரை, பிராணவாயு குறைவு எல்லாம் காரணமாகலாம். இதைக் காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போனால் நேரம் வீணாகும். வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அடிக்கடி வந்து "கண்ணைத் திறங்க, பேர் என்ன, கையைத் தூக்குங்க"ன்னு கேட்பது சும்மா இல்லை. 1974-ல் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் வகுத்த கணக்கு அது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15 மார்க். மார்க் குறைந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுவார்கள்.

வீட்டில் நாமும் தினம் காலை, மாலை பார்க்கலாம். பேர், ஊர் கேளுங்கள். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு கையாலும் நம் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நேற்றைக்கு இன்றைக்கு வித்தியாசம் தெரிந்தால் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறல், நினைவு தவறல், வாய் கோணல் என்றால் உடனே 108.

கழுத்தை உருவிவிடுவது, சொடக்கு எடுப்பது கூடவே கூடாது. டாக்டர் சொல்லாமல் பட்டையைக் கழற்றவும் வேண்டாம்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் குழுப் பெண்களே வீடு வீடாகப் போனார்கள். நம்மால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே ஒவ்வொரு குழுவும் ஒரு தீர்மானம் போடுவோம். ஆபரேஷன் ஆன உறுப்பினர் வீட்டுக்கு முறை வைத்துப் போய்ப் பார்ப்போம். அவசரமென்றால் உள்கடனை அன்றே கொடுப்போம். பணத்துக்கு அலைந்து நேரத்தை இழக்க வேண்டாம்.