செவிலியர் கல்வியில் மருந்தறிவு: மாநாட்டுத் தலைமை உரை

செவிலியர் கல்வியாளர்களும் மருந்தியல் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியுள்ள இம்மாநாடு ஆராய எடுத்துக்கொண்ட பொருள், மருந்து நோயாளியின் உடலுக்குள் செல்வதற்கு முந்தைய கடைசிக் கணத்தைப் பற்றியது. மருத்துவர் எழுதியதிலோ மருந்தாளுநர் கொடுத்தனுப்பியதிலோ நேர்ந்த பிழையைச் செவிலியர் கண்டு தடுத்துவிட முடியும். செவிலியரின் கையில் நேரும் பிழையைத் தடுப்பதற்கோ அதற்கப்பால் பெரும்பாலும் எவரும் இல்லை. தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்கும் இலக்குடன் உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் ஓர் உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியது என்பதே இப்பிழைகள் எந்த நாட்டுக்கும் புதியவையல்ல என்பதைக் காட்டும்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்து விதிகளை ஒவ்வொரு மாணவரும் படிப்பின் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார். இவ்விதிகள் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று கூறுகின்றனவே அன்றி, சரியானது எது என்று அறியும் வழியைக் கூறுவதில்லை. அவ்வழி மருந்தியலிலும் கணக்கிலும் உள்ளது.

இந்தியாவில் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட குப்பிகளாகவும் 100 அலகு கொண்டவையாகவும் புழக்கத்தில் உள்ளது. முன்னதற்குச் சிவப்பு மூடியிட்ட சிரிஞ்சும் பின்னதற்கு ஆரஞ்சு மூடியிட்ட சிரிஞ்சும் உரியவை. 100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால் நோயாளிக்குச் செல்வது 50 அலகு. கோட்டை மிகச் சரியாகப் படித்தவரே இரண்டரை மடங்கு மருந்தைச் செலுத்திவிடுகிறார், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்கிறது. 'சரியான அளவு' என்னும் விதியைத் தாம் மீறியதாக அவர் ஒருபோதும் எண்ணமாட்டார்.

இதனினும் நுணுக்கமானது, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் முற்றி வலிப்பாக வெளிப்படும் எக்லாம்சியா நோய்க்குத் தரப்படும் மக்னீசியம் சல்பேட். இம்மருந்து 50 விழுக்காட்டுக் கரைசலாக, இரண்டு மில்லிலிட்டரில் ஒரு கிராம் உள்ள ஆம்பூல்களில் வருகிறது. பிரிட்சார்டு முறைப்படி முதலில் சிரைவழி, அதாவது இரத்தநாளத்தின் வழியாக, நான்கு கிராம் தரவேண்டுமெனில், நான்கு ஆம்பூல்களின் எட்டு மில்லிலிட்டரோடு பன்னிரண்டு மில்லிலிட்டர் நீர்மம் சேர்த்து 20 விழுக்காடாக நீர்க்கச் செய்து மெதுவாகச் செலுத்த வேண்டும். தொடர்ந்து இரு பிட்டங்களிலும் தசைவழியாக ஐந்தைந்து கிராம் தரப்படுகிறது. விழுக்காடு, கிராம், மில்லிலிட்டர் ஆகிய மூன்றுக்கும் இடையே தடுமாறாமல் சென்றுவரும் கணக்கறிவு இங்கே இன்றியமையாதது. ஆயினும் கணக்கோடு வேலை முடிவதில்லை. இம்மருந்து ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீர் குறைந்த தாய்க்குச் சரியான அளவே நஞ்சாகிவிடும். ஆகவேதான் நான்கு மணி நேரத்திற்கொருமுறை அடுத்த ஊசி போடும்முன், முழங்காலைத் தட்டினால் கால் உதறும் அனிச்சைச் செயல் இருக்கிறதா, மூச்சு நிமிடத்திற்குப் பதினாறுக்குக் குறையாமல் உள்ளதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டரேனும் வந்துள்ளதா என்று பார்க்கச் சொல்லப்படுகிறது. மருந்து மிகும்போது அனிச்சை முதலில் மறைந்து, மூச்சு அதன்பின் தளர்கிறது என்ற வரிசையை அறிந்த மாணவர், அனிச்சை இல்லையெனக் கண்டவுடன் அடுத்த ஊசியை நிறுத்தி மருத்துவரை அழைப்பார், மாற்று மருந்தாகிய கால்சியம் குளுக்கோனேட்டையும் எடுத்து வைப்பார். வரிசையை அறியாதவரோ, பதிவேட்டில் கட்டத்தை நிரப்பிவிட்டு, நேரம் தவறக்கூடாதென்று ஊசியைப் போட்டுவிடுவார்.

மருந்துகளின் வகைப்பாட்டைத் தேர்வுத்தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய மாணவர் வார்டில் ஆம்பூலின் சிறிய எழுத்தைப் படிக்கத் தயங்குவது அவருடைய குறையென்று கூறுவது எளிது. பாடத்தை ஓரிடத்திலும் மருந்தை வேறிடத்திலும் வைத்த கல்விமுறையின் குறை என்பதே பொருந்தும். மூத்த செவிலியரிடமோ மருத்துவரிடமோ ஐயம் கேட்டால் அறியாமை வெளிப்படுமென்று மாணவர் அஞ்சும் வார்டில், எத்தனை விதிப் பலகைகளைத் தொங்கவிட்டாலும் பயன் சிறிது.

எனவே பின்வரும் அமர்வுகள், மருந்தியல் தேர்வின் ஒரு பகுதியையேனும் உண்மையான ஆம்பூலையும் சிரிஞ்சையும் நோயாளி விவரத்தாளையும் முன்வைத்து நடத்த இயலுமா, மாணவர் கண்டறிந்து தடுத்த பிழைகளைத் தண்டனையின்றிப் பதிவுசெய்து மறுவாரமே வகுப்பில் பாடமாக்க இயலுமா என்னும் இரு கேள்விகளையும் விரிவாக எடுத்துக்கொள்வது நலம். இரண்டாவது கேள்விக்கு விடைகாண மருத்துவமனை நிர்வாகங்களின் இசைவும் வேண்டும். அவற்றின் பிரதிநிதிகள் பிற்பகல் அமர்வு வரை இருப்பார்கள் என்று இம்மாநாடு எதிர்பார்க்கிறது.