பாடுகிறவர் காதில் என்ன விழுகிறது?
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"வீட்டிலேயே பாட்டு பதிவு செய்கிறீர்களாமே, அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னால் இரவுச் சாப்பாட்டுக்கு யாரும் வீடு போக முடியாது. ஆகவே ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறேன். அதுதான் ஹெட்போன்.

என் ஸ்டூடியோ என்பது இங்கே பாகான் செராயில் ஒரு தாமான் வீட்டின் பின்னறை. தகரக் கூரை. மழை வந்தால் பதிவு நின்றது என்று அர்த்தம். தவளைச் சத்தத்துக்கும் ரயில் சத்தத்துக்கும் காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பஜனைக் குழுவினர் தைப்பூசத்துக்காக ஒரு பாட்டைப் பதிவு செய்ய வந்தார்கள். அப்பா மிருதங்கம், சித்தப்பா ஆர்மோனியம், பாடியது பதின்மூன்று வயது மகள். என்னிடம் இருந்தது ஒரு பெட்டி; ஒரே சத்தத்தை நாலு ஹெட்போனுக்குப் பிரித்துக் கொடுக்கும். யாருக்கு என்ன தேவையோ, அது எல்லார் காதிலும் போகும்.

அப்பா, "தம்பி, கிளிக் கேக்கல, கொஞ்சம் ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். சித்தப்பா, "மிருதங்கம் பத்தல" என்றார். அதையும் ஏற்றினேன். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளை என்ன கேட்கும்? பாட ஆரம்பித்தது, சுருதி இறங்கியது. மறுபடியும், மறுபடியும். ஏழாவது தடவை நான்தான் வாயைத் திறந்தேன். "பாப்பா, வீட்ல நல்லா சாதகம் பண்ணிட்டு வாம்மா" என்றேன். அது கண் கலங்கிப் போய்விட்டது. இனிமேல் பாட மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டதாக மறுநாள் அப்பா சொன்னார்.

அன்றிரவு சும்மா அந்தப் பிள்ளையின் ஹெட்போனை மாட்டி, பதிவை ஓட்டிப் பார்த்தேன். காதுக்குள் டக் டக் என்று கிளிக்; அதற்குமேல் மிருதங்கம்; பாட்டோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. ஆர்மோனியத்தைத் தேட வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தில் பெரிய வித்வான் பாடினாலும் சுருதி நின்றிருக்காது. குற்றம் குழந்தையுடையதல்ல, என்னுடையது.

ஹெட்போன் எதற்கு, ஸ்பீக்கரிலேயே போடலாமே என்று கேட்பீர்கள். போட்டால் அந்தச் சத்தமும் மைக்கில் ஏறிவிடும். பிறகு பிரிக்க முடியாது. காதை மூடும் ஹெட்போன் அதைத் தடுக்கிறது, ஆனால் வேறொன்றைக் கெடுக்கிறது. நாம் பேசும்போது நம் குரல் இரண்டு வழியாக நமக்குக் கேட்கிறது: காற்று வழியாகவும், மண்டையோட்டு எலும்பு வழியாகவும். காதை மூடினால் காற்று வழி அடைபட்டு, எலும்பு வழி மட்டும் கும்மென்று நிற்கிறது. உங்கள் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு இப்போதே ஒரு வரி பாடிப் பாருங்கள், புரியும். அடைபட்ட அந்தக் காற்று வழியை ஹெட்போன் திருப்பித் தர வேண்டும். குரலைக் குறைவாகக் கொடுத்தால் பாடகர் கத்துவார். அதிகமாகக் கொடுத்தால் தன் குரலுக்கே பயந்து அடக்கிப் பாடுவார். இரண்டிலும் சுருதி ஆடும்.

மிருதங்கக்காரருக்கு வேண்டியது வேறு. அவருக்குக் கிளிக் நன்றாகக் கேட்க வேண்டும், பாட்டு கேட்டால் போதும். நம் கடைகளில் தே தாரிக் கேட்கிறோமே, நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு "கூராங் மானிஸ்", ஒருவருக்கு "தே ஓ கோசோங்". கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே அளவு சீனி போட்டால் விடுவோமா? நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஹெட்போன் பெட்டியில் ஆளுக்கொரு குமிழ் இருந்ததே என்றால், அது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், கலவையை மாற்றாது. சீனி அதிகமான தேநீரைப் பாதிக் கிளாஸ் குடித்தாலும் சீனி சீனிதான்.

தனித்தனிக் கலவைக்கு என்ன வேண்டும்? கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் வெளியே போகும் வழிகளை எண்ணுங்கள். ஸ்டீரியோவாக ஒரு கலவைக்கு இரண்டு வழி தேவை. நாலு வழி இருந்தால் இரண்டு பேருக்கு இரண்டு கலவை. மோனோ போதும் என்றால் நாலு பேருக்கு நாலு. பாடுகிறவருக்கு மோனோ தாராளமாகப் போதும். அந்த வழிகளில் நேராக ஹெட்போனைச் செருகினால் சரியாக வேலை செய்யாது; நடுவே ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். மோனோ விசை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு காதில்தான் கேட்கும். ஆக்ஸ் குமிழ்கள் உள்ள பழைய மிக்சர் யார் வீட்டிலாவது தூங்கினால் அதுவும் உதவும். ஒவ்வொரு ஆக்ஸும் ஒரு தனிக் கலவை.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த ஆக்ஸ், ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுப்பதாக இருக்க வேண்டும். ஃபேடருக்குப் பின்னால் எடுத்தால், நான் இங்கே என் வசதிக்கு ஆர்மோனியத்தை இறக்கும்போது அங்கே பாடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காலடியிலிருந்து சுருதியை உருவிவிடுவேன்.

இன்னொரு தொல்லை தாமதம். கணினி சத்தத்தைக் கட்டுக்கட்டாகத்தான் வாங்கிக் கொடுக்கும். நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் 1,024 மாதிரிகள் ஒரு கட்டு என்றால், உள்ளே வர 23 மில்லிவினாடி, வெளியே போக 23. ஒலி ஒரு மில்லிவினாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் போகும். ஆக, உங்கள் குரலே 16 மீட்டர் தள்ளி நிற்பவர் குரல்போல் பின்னால் வரும். கட்டை 128 ஆகக் குறைத்தால் அது 2 மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். அல்லது இன்டர்ஃபேஸிலேயே நேராகக் கேட்கும் விசை இருக்கும், அதைப் போடுங்கள்.

இது புதுத் தொல்லை அல்ல. டேப் காலத்தில் பதியும் தலை முன்னால், கேட்கும் தலை பின்னால். முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே பாடினால் புதியது பிந்திவிடும். பதியும் தலையிலேயே பழையதைக் கேட்க வழி செய்து, ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957-இல் எட்டுத் தடப் பெட்டி ஒன்றை லெஸ் பால் என்ற கிதார் கலைஞருக்குக் கொடுத்தது. அவரும் வீட்டு ஸ்டூடியோக்காரர்தான், கார் நிறுத்தும் கொட்டகையில் பதிவு செய்தவர். அவ்வளவு ஏன், ஹெட்போனே வீட்டில் வளர்ந்ததுதானே! 1910 வாக்கில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்துதான் கடற்படைக்கு அனுப்பினார். நம்மவர் ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் சென்னையில் வீட்டுப் பின்கட்டில் ஸ்டூடியோ அமைத்தார். மூன்று ஆண்டில் 'ரோஜா' வந்தது. பின்னறை என்று இனி யாரும் சிரிக்க வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம்தான். "எனக்குக் கேக்கல" என்று யாராவது சொன்னால் உடனே அதை ஏற்றாதீர்கள். மற்றதை இறக்கிப் பாருங்கள்.

சரி, அந்தப் பெண் என்ன ஆனாள்? நானே வீட்டுக்குப் போனேன். "அண்ணே, தப்பு என் மேலதான், பாப்பாவை இன்னொரு தடவ கூட்டிட்டு வாங்க" என்று கேட்டுக்கொண்டேன். பாப்பாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை அப்பாவுக்குக் கிளிக்கும் மிருதங்கமும், சித்தப்பாவுக்குப் பாட்டு, பிள்ளைக்கு ஆர்மோனியம் முன்னால், அதன்மேல் தன் குரல், கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல் கொஞ்சம் எதிரொலி, கிளிக் இல்லவே இல்லை. மிருதங்கம் போகும் வழியில் அது போய்க்கொள்ளும். ஒரு பக்க ஹெட்போனைக் காதுக்குப் பின்னால் தலையோடு ஒட்டித் தள்ளிக்கொள்ளச் சொன்னேன். திறந்து விட்டால் சத்தம் மைக்கில் விழும்.

பாடுவதற்கு முன் முதல் கேள்வியை அந்தப் பிள்ளையிடம்தான் கேட்டேன். "என்னம்மா கேக்குது, என்ன வேணும்?" சற்று யோசித்து, "ஆர்மோனியம் இன்னும் கொஞ்சம், அங்கிள்" என்றது. கொடுத்தேன். இரண்டாவது தடவையிலேயே பாட்டு முடிந்தது. இரண்டாம் சரணத்தில் ரயில் ஓசை மெல்லக் கேட்கும். எடுக்க முடியவில்லை, விட்டுவிட்டேன்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் யாருக்காவது ஆசை இருந்தால், பெற்றோரைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு வாருங்கள். என்னிடம் இப்போது நாலு கலவைக்கு வழி இருக்கிறது; நாலு நாலு பேராக வரலாம். மழை பெய்தால் மட்டும் வர வேண்டாம்.