தாது வருஷம் வெட்டிய கால்வாய்

சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றி நிற்கும் கறுத்த தண்ணீர்தான் பக்கிங்ஹாம் கால்வாய். ஒருகாலத்தில் அது படகுப் பாதை.

  சென்னைக்கு விறகும் உப்பும் படகில் வந்தன. பக்கத்திலேயே கடல் இருந்தும் கால்வாய் ஏன்? கடலில் அலை, கால்வாயில் அலை இல்லை. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் படகு போகும்.

1806-இல் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எண்ணூர் வரை வெட்டினார். பிறகு அது வடக்கே ஆந்திரம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. சென்னைக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் மட்டும் இணைப்பு இல்லை. அந்தத் துண்டை வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். மண் சுமந்தால் கூலி. பெயரோ அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போனது!

வடக்கிலிருந்து வந்தால் பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழிமுகம், பேசின் பாலம், மயிலாப்பூர். அடையாறு தாண்டினால் முட்டுக்காட்டுக் காயல். கடைசியில் மரக்காணத்து வெள்ளை உப்பளங்கள்.

ரயிலும் லாரியும் வந்தன. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. படகுகள் நின்றுபோயின.