மேற்கோளும் மெய்ப்பயனும்



மௌலா அலியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குன்றின்மேல் உள்ள தர்காவும், ஊரை ஒட்டிச் செல்லும் ரயில் பாதையும் நாள்தோறும் கண்டு பழகியவை. அங்கிருந்து சில கல் தொலைவில், ஹப்சிகூடாவில், சி. சி. எம். பி. என்று வழங்கும் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் வாயிலைக் கடந்து செல்வோர் பலர். உள்ளே நடப்பது யாது என அறிந்தோர் சிலரே. அங்கே ஆய்வுக்கூடம் அமைத்து உழைத்த ராஜன் சங்கரநாராயணன் என்னும் அறிஞரின் பணியை முன்னிட்டு, ஆராய்ச்சியின் மதிப்பை எவ்வாறு அளப்பது என்பதை இன்று சிந்திப்போம்.

புரதம் என்பது அமினோ அமிலங்களாகிய மணிகள் கோத்த மாலை. பெரும்பாலும் அம்மாலை மடிந்து ஒரு வடிவம் கொண்ட பின்னரே அது தொழில் புரியும். அவ்வடிவம் கண்ணுக்குப் புலப்படாது. புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறும் கதிர்களைக் கணக்கிட்டு உருவத்தை வருவிக்கின்றனர். கட்டமைப்பு உயிரியல் என்னும் துறையின் முறைகளுள் இது ஒன்று.

இத்துறை நம் நாட்டில் வேரூன்றக் காரணமானவர்களுள் தலையாயவர் ஜி. என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1963-ஆம் ஆண்டில், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரத மாலை எக்கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப இயலாது என்பதைக் காட்டும் படத்தை வெளியிட்டார். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத் துறையை நிறுவினார். அத்துறையில், எம். விஜயனின் குழுவில் பயின்றவர் சங்கரநாராயணன். நாம் குழம்பில் இடும் பலாக்கொட்டையில், சர்க்கரை வகைகளைத் தேர்ந்து பற்றும் புரதம் ஒன்று உண்டு. அதன் வடிவத்தை அக்குழு 1996-இல் வெளியிட்டது.

அடுத்து அவர் பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் பணியாற்றினார். திரியோனின், வாலின் என்னும் இரு அமினோ அமிலங்கள் உருவில் மிக ஒத்தவை. முன்னதைச் சுமக்க வேண்டிய இடத்தில் பின்னது ஏறிவிடாமல் ஒரு துத்தநாக அணு காக்கிறது என்பது அங்கு நடந்த ஆராய்ச்சியில் தெளிவாயிற்று.

ஹைதராபாத்தில் அவர் எடுத்துக்கொண்ட வினா இன்னும் நுட்பமானது. அமினோ அமிலங்களுள் பெரும்பாலானவை, இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் போல, இரு வடிவில் உண்டு. உயிரணு புரதம் கோக்கும்போது இடவடிவையே ஏற்கிறது. வலவடிவம் தவறி ஏறினால் அதை நீக்குவது டி. டி. டி. என்னும் நொதி. அது வலவடிவை எங்ஙனம் அறிகிறது? அது வலவடிவைத் தேர்ந்து பற்றுகிறது என்பது 2013-இல் அவர் குழு முன்வைத்த விடை. பின்னர் தெளிவான உண்மையோ வியப்பளித்தது. அந்த நொதி வலவடிவைத் தேடிப் பிடிப்பதில்லை. இடவடிவம் நுழைய இயலாதபடி தன் வாயிலை அமைத்துக்கொண்டுள்ளது. நுழைவது எதுவாயினும் வெட்டி நீக்கும்.

அவ்வாறாயின், இடமும் வலமும் இல்லாத கிளைசின் என்னும் அமிலத்தின் கதி என்ன? அதுவும் உள்ளே நுழைந்து வெட்டுண்ணுமே! இவ்வையத்திற்கு 2016-இல் விடை கிடைத்தது. வேறொரு புரதம் கிளைசினுக்குக் காவலாக நின்று அதைக் காப்பாற்றுகிறது.

இப்பணியின் மதிப்பை எதனால் அளப்பது? ஓர் அறிஞரின் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரையில் சுட்டுவது மேற்கோள். அவற்றை எண்ணி, அந்த எண்ணைக் கொண்டே ஆராய்ச்சியாளரை எடைபோடும் வழக்கம் இன்று பரவியுள்ளது. எண்ணுதல் பயனற்றதன்று, ஒருவர் சொல்லைப் பிறர் கேட்டனரா என்பதை அது காட்டும். ஆயினும் பலர் கூடிய துறையில் சுட்டுவோர் பலர். சிலரே உழைக்கும் துறையில் சுட்டுவோரும் சிலரே. மறுப்பதற்காகச் சுட்டினும் கணக்கில் ஒன்று கூடும். ராமச்சந்திரன் படமோ, புதிய புரத வடிவங்களைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் பயன்கொள்வோர் எல்லாரும் 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுவதில்லை. பெயர் பொதுச்சொல்லாகிவிட்டால் மேற்கோள் தேவையற்றுப் போகிறது. ஆகவே, மிக ஆழ வேரூன்றிய பணியைக் கணக்கேடு குறைத்துக் காட்டவும் கூடும்.

சங்கரநாராயணனுக்கு 2011-இல் பட்நாகர் விருதும், 2020-இல் இன்போசிஸ் விருதும் கிடைத்தன. அவற்றினும் தெளிவான அளவுகோல் ஒன்று உண்டு. 2013-இல் பிறந்த விடை அடுத்த வினாவைப் பிறப்பித்தது. அவ்வினா 2016-இல் புதியதோர் உண்மையைத் தந்தது. சென்னையில் ஏற்றிய விளக்கிலிருந்து பெங்களூரிலும், அதிலிருந்து ஹைதராபாத்திலும் சுடர் ஏறியதும் இவ்வாறே.

தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் விஞ்ஞானம் பயில விரும்பினால், எத்தனை மதிப்பெண், எத்தனை கட்டுரை என்று மட்டும் வினவாதீர்கள். இன்று உனக்குப் புதிதாக எழுந்த ஐயம் யாது என்றும் வினவுங்கள்.