உறைப்பும் ஒரு சுவையே
(செம்மநத்தத்தில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பிறந்த ஊரில், சிறு வயதில் ஓடி விளையாடிய இந்தக் காபிக் களத்தில் நின்று பேசும் வாய்ப்பு இன்று கிடைத்திருக்கிறது. சங்க இலக்கியத்தில் மலைவளம் என்றோ, மலைபடுகடாம் என்றோ நான் பேசக்கூடும் என்று சிலர் எண்ணியிருப்பீர்கள். நான் பேச வந்திருப்பதோ உறைப்பைப் பற்றி. என் வீட்டு அலமாரியில் நூல்களுக்குக் கீழ்த்தட்டில் இருபத்தேழு புட்டிகள் இருக்கின்றன என்பதும், அவை அனைத்தும் மிளகாய்ச் சாஸ்களே என்பதும் உங்களில் பலர் அறிந்த செய்திதான். என் முதுகுக்குப் பின் அதைச் சொல்லிச் சிரிப்பவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இன்று விடை கூறுகிறேன்.

ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாற்றில் மிளகைப் பற்றி வியந்து ஒரு கேள்வி கேட்கிறார். இனிப்பாலோ அழகாலோ ஒரு பொருள் விரும்பப்படலாம். உறைப்பைத் தவிர வேறெந்தச் சிறப்புமில்லாத இந்த மணியை முதன்முதலில் உண்ணத் துணிந்தவன் யார், இதற்காக இந்தியா வரை போகவேண்டுமா என்பது அவர் கேள்வி. ஏறத்தாழ அதே காலத்துத் தமிழ்ப் பாட்டொன்று மறுகரையிலிருந்து அக்காட்சியைக் காட்டுகிறது. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் மரக்கலங்களை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார். பிளினியின் புலம்பலையும் தாயங்கண்ணனாரின் பெருமிதத்தையும் அருகருகே வைத்துப் படிப்பது எனக்கு மிகப் பிடித்த வேலை.

பிளினியின் கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைத்துவிட்டதாக நான் கருதவில்லை. ஆனால் கேள்வி கூர்மையாகியிருக்கிறது. நாம் கார்ப்பை அறுசுவையுள் ஒன்றாக வைத்தோம். இன்றைய உடலியலார் அதை ஒப்புவதில்லை. இனிப்பும் கைப்பும் நாவின் சுவை மொட்டுகள் உணர்பவை. உறைப்போ வலி என்பது அவர்கள் முடிவு. மிளகாயின் காப்சைசின் நம் நரம்பு நுனியில் எந்த ஏற்பியைத் தூண்டுகிறது என்பதை டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிஞரின் குழு 1997இல் கண்டறிந்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. அந்த ஏற்பி 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்வது. ஆகவே மிளகாயைக் கடித்தவன் 'வாய் எரிகிறது' என்று சொன்னால் அது உவமையன்று. அவன் உடலைப் பொறுத்தவரை அங்கே உண்மையாகவே தீ பட்டிருக்கிறது. மிளகின் பிப்பரினும் அதே கதவைத்தான் தட்டுகிறது, சற்று மெதுவாக.

தீயும் காற்றும் கூடியது கார்ப்பு என்கிறது சித்த மருத்துவம். உடனே, 'பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டார்கள்' என்று முழங்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கண்டது நாக்கை. ஜூலியஸ் கண்டது நரம்பின் ஏற்பியை. நாக்கைக் கூர்ந்து கவனித்தவர்கள் என்ற பெருமையே அவர்களுக்குப் போதும்.

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடும் கரிகாலன் விருந்தை நினைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன் துண்டுகள் வருகின்றன. பொருநனுக்குச் சூடு பொறுக்கவில்லை. கீழே வைக்கவும் மனமில்லை. வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி மாற்றி ஒற்றிக்கொள்கிறான். இன்று நெருப்புக் கரியில் வாட்டிய கறியை மிளகாய்ச் சாஸில் தோய்த்து, 'உஸ்… உஸ்' என்று வாயைத் திறந்து மூடும் நம் இளைஞர்களின் முகத்தில் நான் காண்பது அந்தப் பொருநனைத்தான். சுடுகிறது என்று தெரிந்தே வாய் அதை விட மறுக்கிறது.

பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலார் மெக்சிகோவில் மிளகாய் உண்பவர்களை ஆராய்ந்தவர். ஆபத்தில்லை என்று மனம் அறிந்திருக்க, ஆபத்து என்று உடல் அலறுவதில் மனிதன் இன்பம் காண்கிறான் என்பது அவர் கருத்து. சோகப் படம் பார்த்து அழுவதையும் அவர் இதனோடு சேர்த்தே பேசுகிறார். இதைப் படித்தபோது எனக்கு மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. நகையும் உவகையும் மட்டுமா மெய்ப்பாடு? அழுகை, இளிவரல், அச்சம் ஆகியவற்றையும் தொல்காப்பியர் எட்டனுள் வைத்தார். உரையாசிரியர்கள் அவற்றைச் சுவை என்ற சொல்லாலேயே விளக்கினர். வலிக்கு இடமளிக்கும் சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. கையறுநிலைப் பாடலைக் கண்ணீரோடு திரும்பத் திரும்பப் படிக்கும் நாம், உறைப்பு வலிதான் என்பதற்காக அதைச் சுவைக் கணக்கிலிருந்து ஏன் தள்ளவேண்டும்?

இனி என் புட்டிகளுக்கு வருகிறேன். அயலூர் போய்த் திரும்பும் மாணவர்களும் உறவினரும் கொண்டுவந்தவை அவை. அமெரிக்காவின் லூசியானாவில் ஏவரி தீவில் 1868 முதல் செய்யப்படும் டபாஸ்கோ அவற்றுள் மூத்தது. மிளகாயை உப்போடு அரைத்து ஓக் பீப்பாய்களில் மூன்றாண்டு வரை ஊறவிட்டு, பின் வினிகர் சேர்க்கிறார்கள். மூடியைத் திறந்தால் முதலில் புளிப்புத்தான் மூக்கில் ஏறும். தாய்லாந்தின் ஊரொன்றின் பெயரைத் தாங்கிய ஸ்ரீராச்சாவில் பூண்டும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். அதை அமெரிக்காவில் பெயர்பெறச் செய்தவர் வியட்நாமிலிருந்து அகதியாக வந்த டேவிட் டிரான். நம் இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை வறுத்துப் பூண்டோடு நானே அரைத்துவைத்த புட்டியும் அந்த வரிசையில் உண்டு. அதை நான் மற்றவற்றுக்குக் கீழாக மதிப்பதில்லை.

இவற்றை ஒரு துளி வெறும் சோற்றில் இட்டு, முதலில் மணம், பிறகு புளிப்பும் உப்பும், கடைசியில் உறைப்பு எங்கே தொடங்கி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துவைப்பது என் பொழுதுபோக்கு. சில தொண்டையில் அடிக்கும். சில உதட்டோடு நின்றுவிடும். சில, நாம் மறந்த பிறகே வந்து சேரும். நல்ல வெண்பாவின் ஈற்றடி போல என்று எழுதிவைத்திருக்கிறேன். சற்று மிகைதான்.

ஆனால் பொழுதுபோக்கு ஒரு கட்டத்தில் பந்தயமாகிவிட்டது. வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலார் 1912இல் உறைப்பை அளக்க ஒரு முறை கண்டார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் கரைத்துக்கொண்டே போய், சுவைப்போர் ஐவருக்கு உறைப்பே தெரியாத எல்லையைக் குறிப்பது அம்முறை. இன்று கருவி அளக்கிறது. பெயர் மட்டும் அவருடையது. டபாஸ்கோ சில ஆயிரம் அலகு. 2007இல் கின்னஸ் ஏட்டில் ஏறிய வடகிழக்கு நாட்டு நாகமிளகாய் பத்து லட்சத்தைக் கடந்தது. 2023இல் பெப்பர் எக்ஸ் என்ற அமெரிக்க வகை 26,93,000 அலகைத் தொட்டது. நானும் அந்த எண்களின் பின்னே போனேன். எதை உண்டாலும் 'இது போதாது' என்றேன். அப்படிச் சொல்வதில் ஓர் இறுமாப்பு இருந்ததை மறைக்கமாட்டேன்.

அந்த ஆண்டுப் பொங்கலுக்கு இங்கே அம்மாவிடம் வந்திருந்தேன். எங்கள் வீட்டுப் பின்புறம் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியின் மிளகில் அம்மா ரசம் வைத்திருந்தார். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, காலால் மிதித்து உதிர்த்து, பாயில் உலர்த்தி எடுத்த மிளகு அது. ஒரு வாய் குடித்துவிட்டு, "மிளகு போட மறந்துட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"உறைப்பு பத்தலையா கண்ணு?" என்று மட்டும் கேட்டு உள்ளே போனவர், இன்னொரு பிடி மிளகைத் தட்டிப் போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு அது சரியாக இருந்தது. அம்மாவால் அதை விழுங்க முடியாமல் இருமினார். நான் அதற்கும் சிரித்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன செய்தி என்னைச் சுட்டது. அன்று முதல் அம்மா எதைச் சமைத்தாலும் அவரை அழைத்து, ருசி பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் இறக்குகிறாராம். 'வயசாயிருச்சு, என் நாக்குச் செத்துப்போச்சு' என்று வருந்துகிறாராம். ஐம்பதாண்டுக் கைப்பக்குவத்தை என் ஒரு சொல் ஐயத்துக்குள்ளாக்கிவிட்டது. செத்துப்போயிருந்தது என் நாக்கு. காப்சைசின் மிகுதியாகவும் இடைவிடாமலும் பட்டால் அந்த நரம்பு நுனிகள் மரத்துப்போகும். அதன்பின் மிளகு வந்து தட்டினாலும் கதவு திறக்காது. மணமாவது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். உறைப்பை மட்டுமே தேடிய எனக்கு மணம் ஒரு பொருட்டாகவில்லை.

ஒரு மண்டலம் புட்டிகளைத் தொடவில்லை. தயிர்ச்சோறும் பருப்புமாகக் கழிந்த அந்த நாட்களை ஒரு தவம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எரிச்சலோடுதான் கழித்தேன். பிறகு இங்கே வந்து அம்மாவிடம் அதே ரசத்தைக் கேட்டேன். முதலில் எலுமிச்சை ஓரத்தை நினைவூட்டும் மணம் எழுந்தது. அதன்பின் ஈர மரப்பட்டையின் வாசம். அதற்குப் பின்பே மெல்ல வந்தது உறைப்பு. கண் கலங்கியது. நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நான் போட்ட அளவு சரிதானே?" என்று இரண்டு முறை கேட்டார். சரிதான் என்று இரண்டு முறையும் சொன்னேன். இப்போது அந்த அக்காவை அம்மா அழைப்பதில்லை.

புட்டிகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. ஞாயிறுதோறும் ஒன்று மட்டும் திறக்கிறேன். புட்டியில் அச்சிட்ட எண்ணின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன்.

களத்தின் ஓரத்தில் கரியடுப்பு மூட்டியாயிற்று. மணம் உங்களை எட்டியிருக்கும். ஊனுண்பார்க்குக் கோழியும் ஏனையோர்க்குச் சோளக்கதிரும் வாட்டுகிறார்கள். அருகே மூன்று கிண்ணங்கள் வைத்திருக்கிறேன். எலுமிச்சையில் ஊறிய பச்சை மிளகு ஒன்று, என் குண்டு மிளகாய்ச் சாந்து ஒன்று, நாகமிளகாய்ச் சாஸ் ஒன்று. தயவுசெய்து அந்த வரிசையிலேயே சுவையுங்கள். மாற்றினால் மிளகு உங்களிடம் பேசாது. எரிந்தால் தண்ணீரைத் தேடாதீர்கள், அது பரப்பத்தான் செய்யும். மோர்ப்பானை திண்ணையில் இருக்கிறது. அம்மாவும் அங்கேதான் அமர்ந்திருக்கிறார்.